கேசட்டிலிருந்து டிஸ்க்குக்கு: படம் எங்கே தேய்கிறது?

சித்தூரிலும் திருப்பதியிலும் ஒரு தலைமுறையின் கல்யாணங்கள் இன்னும் வி.எச்.எஸ். கேசட்டுக்குள்தான் இருக்கின்றன. 1982-இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி கலர் டி.வி. வந்தது. அதன் பின்னாலேயே, குவைத்துக்கு வேலைக்குப் போன ராயலசீமைக்காரர்களின் பெட்டிகளில் வி.சி.ஆர். டெக்கும் வந்து இறங்கியது. எண்பதுகள் முடிவதற்குள், தோளில் சுமக்கும் நேஷனல் பானசோனிக் கேமராவும் கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சமும் கல்யாணச் செலவுக் கணக்கில் இடம்பிடித்துவிட்டன. காணிப்பாக்கத்தில் நடந்த காதுகுத்து, திருச்சானூரில் கட்டிய தாலி, திருமலையில் மொட்டை போட்டுக்கொண்டு மாமா தோளில் அலிபிரிக்கு இறங்கிவந்த குழந்தை, நகரியிலோ புத்தூரிலோ புது வீட்டில் பால் காய்ச்சிய விடியற்காலை என்று எல்லாம் பீரோவின் மேல்தட்டில் அடுக்கியிருக்கிறது.

இந்தப் பக்கத்துக் கேசட்டுகளை நான் பெரிதாக மதிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வட ஆற்காட்டின் தாலுகாக்களையும் சேர்த்து 1911-இல் உருவான பழைய சித்தூர் ஜில்லா இது. இங்குள்ள தமிழ் வீடுகளில் பேச்சு பாதி தமிழிலும் பாதி தெலுங்கிலும் ஓடும். பந்தியில் ஒரு இலைக்கு 'போட்டுக்கோ' என்றும் அடுத்த இலைக்கு 'வேசுகோ' என்றும் சொல்லிக்கொண்டே போகிறவர் ஒரே அத்தைதான். அந்தப் பேச்சு ஒப்பனை இல்லாமல் பதிவாகியிருக்கும் இடங்களில் வீட்டுக் கேசட்டும் ஒன்று.

இப்போது எல்லா வீட்டிலும் கேட்கும் கேள்வி, தரம் குறையாமல் டிஸ்க்கில் போட்டுத் தருவார்களா என்பது. கவலை முழுவதும் டிஸ்க்கின் மேல் இருக்கிறது. ஆனால் டிஸ்க்குக்கு வருவதற்கு முன்பே படத்தின் பெரும்பகுதி தொலைந்துவிடுகிறது. கேசட்டை ஓட்டும் டெக்கில் கொஞ்சம் போகிறது, ஒயரில் கொஞ்சம், மின் சமிக்ஞையை எண்களாக மாற்றும் சின்னக் கருவியில் நிறைய. அது தெரியாததால்தான் கடையில் தவறான கேள்விகளைக் கேட்டுவிட்டு, தவறான பதில்களோடு திரும்பி வருகிறோம்.

"டி.வி.டி.யில் ஏற்றினால் படம் பளிச்சென்று ஆகிவிடும்"

ஆகாது. வி.எச்.எஸ். படத்தின் கிடைமட்டத் தெளிவு ஏறக்குறைய 240 கோடுகள். நிறத்தின் தெளிவு அதைவிட மிகவும் குறைவு. கூறைப்புடவையின் சிவப்பு ஓரம் தாண்டிக் கசிவது அதனால்தான். டி.வி.டி. 720-க்கு 576 புள்ளிகள் கொண்ட படத்தைத் தாங்கும். ஆக, கேசட்டில் இருப்பது அத்தனையும் டிஸ்க்கில் கொள்ளும். கேசட்டில் இல்லாத எதையும் டிஸ்க் கொண்டுவந்து சேர்க்காது. கேசட்டை நல்ல டெக்கில் போட்டால் எப்படித் தெரியுமோ அப்படியே டிஸ்க்கிலும் தெரிந்தால் வேலை முழு வெற்றி.

அப்படியானால் முதலில் பார்க்க வேண்டியது, எந்தக் கேசட்டைக் கொடுக்கிறோம் என்பது. அந்தக் காலத்தில் கேமராவில் எடுத்த கேசட்டை ஸ்டூடியோவில் மிக்ஸிங் செய்து ஒரு மாஸ்டர் தயாரிப்பார்கள். அதிலிருந்துதான் வீட்டுக்குக் காப்பி வரும். நம் பீரோவில் இருப்பது பெரும்பாலும் நகலின் நகல். ஒவ்வொரு நகலிலும் படம் ஒரு படி மங்கும், நிறம் ஒரு பக்கமாக நகரும், ஓரங்கள் நெளியும். எனவே கல்யாணத்துக்குப் படம் எடுத்த ஸ்டூடியோ இன்னும் இருந்தால், அல்லது அதை நடத்தியவரின் மகன் இருந்தால், மாஸ்டரோ கேமரா கேசட்டோ கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். கேசட் விலை அதிகம் என்பதால் அதன் மேலேயே அடுத்த கல்யாணத்தை எடுத்தவர்கள் உண்டு. பரணில் பத்திரமாக வைத்தவர்களும் உண்டு. மாஸ்டர் இல்லையென்றால் பெண் வீட்டுக் காப்பியையும் மாப்பிள்ளை வீட்டுக் காப்பியையும் கேட்டு வாங்கி, இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டிய காப்பி தேய்ந்திருக்கும். சம்பந்தி வீட்டில் தொடாமல் கிடந்தது பல சமயம் தெளிவாக இருக்கும்.

"எந்த டெக்காக இருந்தால் என்ன, கம்ப்யூட்டரில் சரி செய்துகொள்ளலாம்"

இந்த நம்பிக்கையால் பாழான கேசட்டுகளுக்குக் கணக்கே இல்லை.

டெக்குக்குள் நடப்பது மிக நுணுக்கமான வேலை. நம் நாட்டு பி.ஏ.எல். முறையில், படத்தைப் படிக்கும் ஹெட்டுகள் பொருத்திய உருளை நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றும். அதன் மேல் 12.7 மில்லிமீட்டர் அகலமுள்ள டேப் சாய்வாக நகரும். டேப்பில் படம் பதிந்திருக்கும் ஒவ்வொரு தடமும் 0.05 மில்லிமீட்டர் அகலம்கூட இருக்காது. அந்தத் தடத்தின் மேல் ஹெட் பிசகாமல் ஓட வேண்டும். பதிவு செய்த டெக்கின் அமைப்பு ஒரு மாதிரியும் ஓட்டுகிற டெக்கின் அமைப்பு வேறு மாதிரியும் இருந்தால் திரையின் அடியிலோ நடுவிலோ பனி கொட்டும். டிராக்கிங் குமிழைத் திருகியும் அடங்காவிட்டால் வேறு ஒரு டெக்கில் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு டெக்கில் பார்க்கவே முடியாத கேசட் இன்னொன்றில் அமைதியாக ஓடும். ஹெட் படிக்காமல் விட்டதைக் கம்ப்யூட்டரால் மீட்க முடியாது.

ஹெட் சுத்தம் செய்வதிலும் பழைய பழக்கங்கள் தொடர்கின்றன. சுற்றும் உருளையில் வெள்ளைக் காகிதத்தை வைத்துத் தேய்ப்பதும், பட்ஸை மேலும் கீழுமாக இழுப்பதும் ஹெட்டை உடைக்கும் வழிகள். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த மென்தோலை உருளையின் மேல் அசையாமல் பிடித்துக்கொண்டு, உருளையைக் கையால் கிடைமட்டமாகத் திருப்ப வேண்டும். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுப்பது நல்லது. ரப்பர் பெல்ட்டையும் டேப்பை இழுக்கும் ரோலரையும் அப்போதே மாற்றச் சொல்லுங்கள். உலகத்தின் கடைசி வி.சி.ஆர். தயாரிப்பாளரான ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இனி எல்லாமே பழைய டெக்குகள்தாம். உள்ளூரில் அமையாவிட்டால் வேலூரிலோ சென்னை ரிச்சி தெருவிலோ விசாரிக்கலாம்.

அடுத்தது ஒயர். வி.எச்.எஸ். டேப்பில் வெளிச்சமும் நிறமும் தனித்தனியாகப் பதிவாகின்றன. மஞ்சள் பின் ஒயர் அவை இரண்டையும் கலந்து அனுப்புகிறது. மறுமுனையில் இருக்கும் கருவி மறுபடியும் பிரிக்கப் பார்க்கிறது. பிரித்த இடத்தில் வானவில் நிறமும் ஊர்ந்து செல்லும் புள்ளிகளும் மிஞ்சும். எஸ்-வீடியோ ஒயர் இரண்டையும் கலக்காமலே கொண்டுவரும். சாதாரண டெக்கில் அந்தத் துளை இருக்காது, எஸ்-வி.எச்.எஸ். டெக்கில் இருக்கும், அந்த டெக் சாதாரண வி.எச்.எஸ். கேசட்டையும் ஓட்டும்.

அதற்கடுத்தது பலரும் கேள்விப்படாத ஒன்று: டைம் பேஸ் கரெக்டர், சுருக்கமாக டி.பி.சி. டேப் இழுபடும், தளரும். அதனால் படத்தின் ஒவ்வொரு கோடும் சற்று முன்னும் பின்னுமாக வந்து சேரும். பழைய டி.வி. இதைப் பொறுத்துக்கொண்டது, கம்ப்யூட்டர் பொறுக்காது. கோபுரத்தின் நேர்க்கோடு அலையடிக்கும். நடுநடுவே சில பிரேம்கள் விழுந்துபோகும், பிரேம் விழுந்தால் சத்தம் விலகும். நாதஸ்வரக்காரர் கன்னம் ஊதி முடித்த பிறகு கெட்டிமேளம் கேட்கும் டிஸ்க்குகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். டி.பி.சி. ஒவ்வொரு கோட்டையும் நேராக்கி, நேரம் தவறாமல் அனுப்பும். சில உயர்வகை டெக்குகளில் அது உள்ளேயே இருக்கிறது. இல்லாதவர்கள் சில பானசோனிக் டி.வி.டி. ரெக்கார்டர்கள் வழியாகப் படத்தை விட்டு எடுக்கிறார்கள். ரெக்கார்டர் எதையும் பதிவு செய்யாது. படம் உள்ளே போய் வெளியே வரும்போது நெளிவு அடங்கியிருக்கும்.

கடைசியில் யு.எஸ்.பி.யில் செருகும் அந்தச் சின்னக் கருவி. ஈஸிகேப் என்ற பெயரில் விற்கும் மலிவான சரக்கில் பெரிய ஆபத்து வெளிச்சத்தில் இருக்கிறது. வீடியோ லைட்டில் ஏற்கெனவே வெளுத்திருக்கும் பட்டு வேட்டியும் மல்லிகைச் சரமும் ஒரே வெள்ளைத் திட்டாகிவிடும். பதிவாகும்போது வெட்டுப்பட்ட வெளிச்சம் பின்னால் எந்த மென்பொருளிலும் திரும்பாது. ஆகவே பதிவைத் தொடங்குமுன், படத்தின் மிக வெளிச்சமான காட்சியை ஓட்டி, வெள்ளைக்குள் மடிப்பு தெரிகிறதா என்று பார்த்துப் பிரைட்னஸையும் கான்ட்ராஸ்டையும் இறக்க வேண்டும். இதைச் செய்கிறார்களா என்று கடையில் கேளுங்கள்.

"மூன்று மணி நேரக் கேசட்டை ஒரே டிஸ்க்கில் அடக்கிவிடலாம்"

அடங்கும். ஆனால் என்ன விலைக்கு என்று பார்க்க வேண்டும். டி.வி.டி.யின் கொள்ளளவு 4.7 ஜி.பி. ஒரு மணி நேரப் படம் என்றால் அந்த முறையின் உச்ச அளவை ஒட்டி, நொடிக்கு 9 மெகாபிட் வரை தாராளமாகக் கொடுக்கலாம். மூன்று மணி நேரத்தைத் திணித்தால் சத்தத்தையும் சேர்த்து நொடிக்கு 3.5 மெகாபிட்டுக்கும் குறைவாகத்தான் கிடைக்கும். கல்யாண வீடியோ இந்தச் சிக்கனத்துக்கு ஒத்துவராத படம். ஹோமப் புகை, தூவும் அட்சதை, ஜிகினாத் தோரணம், கேமரா பிளாஷ் எல்லாமே நொடிக்கு நொடி மாறும். போதாததற்குக் கேசட்டின் மணல்துகள் போன்ற இரைச்சலையும் இயந்திரம் படத்தின் விவரம் என்று நினைத்து அதற்கும் இடம் ஒதுக்கும். விளைவு, அட்சதை விழும் அந்த நொடியில் மணமக்களின் முகம் சதுரம் சதுரமாக உடையும். ஒரு டிஸ்க்குக்கு ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகாதீர்கள். இரண்டு மூன்று டிஸ்க் ஆகட்டும்.

இதைவிடப் பெரிய சேதம் இருபது ஆண்டுகளுக்கு முன்பே நடந்துவிட்டது. வீட்டுக்கு வீடு வி.சி.டி. பிளேயர் வந்தபோது கேசட்டையெல்லாம் வி.சி.டி.க்கு மாற்றினார்கள். வி.சி.டி.யில் படம் 352-க்கு 288 புள்ளிகள்தான், டி.வி.டி. தாங்கும் புள்ளிகளில் கால்பங்கு. வேகம் நொடிக்கு 1.15 மெகாபிட், ஒரு டிஸ்க்கில் 74 நிமிடம். அந்த வி.சி.டி.யை இன்று டி.வி.டி.க்கோ பென் டிரைவுக்கோ மாற்றித் தருகிறார்கள், வாங்குகிறவரும் நல்ல காப்பி கிடைத்துவிட்டதாக நம்புகிறார். மூலக் கேசட் வீட்டில் எங்காவது இருந்தால் வி.சி.டி.யை ஒதுக்கிவிட்டுக் கேசட்டிலிருந்து புதிதாகத் தொடங்குங்கள்.

சரியான வழி டிஸ்க்கைக் கடைசிக்குத் தள்ளுவது. முதலில் கேசட்டை இழப்பற்ற முறையில் ஹார்ட் டிஸ்க்கில் பதிய வேண்டும். சுருக்கமே இல்லாமல் பதிந்தால் மணிக்குச் சுமார் 75 ஜி.பி. பிடிக்கும். எஃப்.எஃப்.வி.1 போன்ற இழப்பற்ற சுருக்கத்தில் ஒரு புள்ளிகூட மாறாமல் ஏறக்குறைய 30 ஜி.பி.யில் அடங்கும். மூன்று மணி நேரக் கேசட்டுக்கு 100 ஜி.பி. என்று வைத்தால், 1 டி.பி. ஹார்ட் டிஸ்க் ஒரு வீட்டின் முக்கியமான கேசட்டுகளைத் தாங்கிவிடும். எஃப்.எஃப்.வி.1 இலவசமானது. 2021-இல் இணையத் தரநிலை அமைப்பு அதன் விவரக்குறிப்பை ஆர்.எஃப்.சி. 9043 என்ற எண்ணில் வெளியிட்டது. ஆவணக் காப்பகங்களும் அதைப் பயன்படுத்துகின்றன. இந்தப் பெரிய ஃபைல் இருந்தால் டிஸ்க், போனில் பார்க்கச் சின்ன ஃபைல், டி.வி.க்குப் பென் டிரைவ் எல்லாம் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். டிஸ்க் மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டால் பாதிக்கு மேல் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறோம்.

"பூஞ்சை பிடித்த கேசட்டை வெயிலில் வைத்தால் சரியாகிவிடும்"

வடாம் காயவைப்பதுபோல் மொட்டைமாடியில் கேசட்டைப் பரப்புகிற பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. சித்தூரின் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் கூடு வளையும், சுற்றியிருக்கும் டேப் விரிந்து சுருங்கி ஓரம் அலையலையாக மடங்கும். மடங்கின ஓரத்தை நிமிர்த்த வழியில்லை. பூஞ்சையோ, காய்ந்து மாவாகி, டெக்குக்குள் உதிரும். அந்த டெக்கில் அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் அது தொற்றும்.

அந்துருண்டை போட்டு வைத்தால் போதும் என்பதும் அப்படித்தான். அந்துருண்டை பூச்சியை விரட்டும், ஈரத்தை எடுக்காது. பூஞ்சைக்கு வேண்டியது ஈரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு மாதம் பூட்டிக் கிடக்கும் பீரோ அதற்குப் போதும். 2021 நவம்பர் மழையில் ஸ்வர்ணமுகி பெருகி, திருப்பதித் தெருக்களில் வெள்ளம் ஓடி, திருமலைப் படிக்கட்டுப் பாதையே சேதமானது. தாழ்வான இடங்களில் அன்று நனைந்தவை துணிமணிகள் மட்டுமல்ல.

கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியே பாருங்கள். டேப் சுருளின் மேல் வெள்ளையாக மாவோ நூலோ தெரிந்தால் அதை எந்த டெக்கிலும் போடாதீர்கள். அந்தக் கேசட் செத்துவிட்டது என்று குப்பையிலும் போடாதீர்கள். கூட்டைத் திருகு கழற்றிப் பிரித்து, காற்றோட்டமான இடத்தில் முகக்கவசம் போட்டுக்கொண்டு, டேப்பை மெதுவாக ஓடவிட்டு, பஞ்சு வராத துணியில் துடைத்தெடுக்கும் முறை இருக்கிறது. பொறுமையான வேலை, தெரிந்தவர் செய்ய வேண்டும். சேற்றுநீரில் நனைந்த கேசட் என்றால் காயும்வரை விட்டுவைக்காமல் நல்ல தண்ணீரில், முடிந்தால் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரில் அலசி, நிழலில் காற்றாட உலர்த்த வேண்டும். டிரையர் வேண்டாம். சேறு டேப்பிலேயே காய்ந்துவிட்டால் எடுப்பது கடினம்.

"நாள்பட்டால் டேப்பில் காந்தம் போய்விடும்"

பெரும்பாலும் போகாது. சாதாரண வீட்டுச் சூழலில் காந்தப் பதிவு பல பத்தாண்டுகள் தாங்கும். கெடுவது அந்தக் காந்தத்தூளை டேப்போடு ஒட்டவைத்திருக்கும் பசை, ஈரத்தை உறிஞ்சி. அதைவிட வேகமாக அழிவது ஓட்டும் இயந்திரம். யுனெஸ்கோவின் தகவல் திட்டமும் ஒலி, ஒளிக் காப்பகங்களின் உலக அமைப்பான ஐ.ஏ.எஸ்.ஏ.வும் 2019-இல் எழுப்பிய எச்சரிக்கையின் சாரமே அதுதான்: டேப் இருக்கும், அதைப் படிக்கும் கருவியும் உதிரிப் பாகமும் இருக்காது.

"எச்.டி. ஆக்கித் தருகிறோம், புதுப் படம் மாதிரி இருக்கும்"

இதற்குள் மூன்று தவறுகள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது, படத்தை அகலமாக இழுப்பது. அந்தக் காலத்துப் படம் 4-க்கு 3 அளவுள்ளது. இன்றைய டி.வி. நிறைய வேண்டும் என்று 16-க்கு 9 ஆக இழுத்தால் எல்லோர் முகமும் அகலமாகும். மேலும் கீழும் வெட்டினால் மணமகளின் நெற்றிச்சுட்டி போகும். இருபக்கமும் கறுப்புப் பட்டை இருக்கட்டும்.

இரண்டாவது நுணுக்கமானது. பி.ஏ.எல். படத்தில் நொடிக்கு 50 அரைப்படங்கள். ஒன்றில் ஒற்றைப்படைக் கோடுகள், அடுத்ததில் இரட்டைப்படைக் கோடுகள். பழைய டி.வி. அவற்றை வரிசையாகவே காட்டியது. கம்ப்யூட்டர் திரை இரண்டையும் ஒன்றாகக் காட்டும்போது அசையும் கையின் ஓரம் சீப்புப் பல்லாகத் தெரியும். அதைக் கேசட்டின் குறை என்று எண்ணி, பாதிக் கோடுகளை எறிந்துவிட்டு மீதியை இரட்டிப்பார்கள். 576 கோடுகள் 288 ஆகிவிட்டன, அசைவின் நளினமும் பாதியானது. திருப்பதி கங்கம்மா ஜாத்திரை வேஷக்காரரின் ஆட்டத்தில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். 50 அசைவுகளில் ஓடும் படத்தில் அந்த ஆட்டத்துக்கு உயிர் இருக்கும். டி.வி.டி. இந்த அரைப்பட முறையை அப்படியே ஏற்கும், மாற்றவே வேண்டாம். போனுக்கான காப்பியில் மட்டும், இரண்டு அரைப்படங்களையும் பயன்படுத்தி நொடிக்கு 50 முழுப்படமாக்கும் முறையைக் கேளுங்கள்.

மூன்றாவது, செயற்கை நுண்ணறிவு. மங்கலான முகத்தைக் கூராக்கும் மென்பொருள், இல்லாத விவரத்தைத் தானே கற்பனை செய்து நிரப்புகிறது. ஆயிரக்கணக்கான அந்நிய முகங்களில் கற்றுக்கொண்ட கண்ணிமையையும் தோலையும் நம் பாட்டியின் முகத்தில் பொருத்துகிறது. பார்க்க அழகாக இருக்கலாம், ஆனால் அது பாட்டி அல்ல. மங்கலாக இருந்தாலும் அவரை அவராகவே வைத்துக்கொள்வதுதான் எனக்குச் சரி. ஆசைக்கு ஒரு காப்பி அப்படிச் செய்துகொண்டாலும், மூலப் பதிவை அதற்குப் பலி கொடுக்காதீர்கள்.

"சத்தம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, படம்தான் முக்கியம்"

நான் மிகவும் வருந்துகிற நம்பிக்கை இது. நம் கல்யாண வீடியோக்களில் மண்டபத்தின் சத்தத்தை எடுத்துவிட்டு சினிமாப் பாட்டைப் போட்டு மிக்ஸிங் செய்வது ஸ்டூடியோக்களின் வழக்கம். அந்தப் பாட்டுகள் இன்றும் எங்கும் கிடைக்கும். அழிந்தது மண்டபத்தின் பேச்சு: அட்சதை போடும்போது தாத்தா வாழ்த்திய வார்த்தை, சம்பந்திச் சண்டையைச் சமாதானம் செய்த சித்தப்பாவின் குரல், கேமராவைப் பார்த்து 'என்னைய எடுக்காதப்பா' என்று முந்தானையால் முகம் மறைத்த பெரியம்மா.

கேமரா கேசட்டைத் தேடச் சொன்னதற்கு இதுதான் முதல் காரணம். பாட்டு ஏறாத, வெட்டுப்படாத சத்தம் அதில் இருக்கும். கேமரா கேசட் இல்லாவிட்டாலும் ஒரு சிறு வாய்ப்பு உண்டு. வி.எச்.எஸ். டேப்பில் சத்தம் இரண்டு இடங்களில் பதிவாகலாம். ஒன்று டேப்பின் ஓரத்தில் ஓடும் சாதாரணத் தடம். டேப் நொடிக்கு 2.34 சென்டிமீட்டர்தான் நகர்வதால் அதில் சத்தம் அடைத்துக்கொண்டதுபோல் இருக்கும். மற்றொன்று ஹை-ஃபை, சுற்றும் உருளையில் உள்ள ஹெட்டுகள் படத்துக்கு அடியிலேயே பதிந்துவைக்கும் சத்தம், மிகத் தெளிவானது. பதிவு முடிந்த டேப்பில் ஆடியோ டப்பிங் செய்தால் ஓரத்துத் தடம் மட்டும்தான் மாறும். படத்தை அழிக்காமல் ஹை-ஃபை சத்தத்தை அழிக்க முடியாது. எனவே ஹை-ஃபை கேமராவில் எடுத்து, அதே கேசட்டில் பாட்டு ஏற்றியிருந்தால், அடியில் பழைய பேச்சு அப்படியே இருக்கும். ஹை-ஃபை டெக்கில் போட்டு, ஆடியோ தேர்வை மாற்றி மாற்றிக் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் இரண்டு சத்தத்தையும் தனித்தனியாகப் பதியச் சொல்லுங்கள்.

பதியும்போது இரைச்சல் நீக்கும் வசதியைப் போடவே கூடாது. இரைச்சலோடு சேர்ந்து மெல்லிய பேச்சும் போய்விடும். சுத்தம் செய்வதெல்லாம் பிறகு, நகலில்.

"ஹேண்டிகேம் கேசட்டும் இதே மாதிரிதான்"

மினி டி.வி. (MiniDV) கேசட் அப்படி அல்ல. 1995-இல் வந்த அந்த முறையில் டேப்பில் இருப்பதே எண்கள்தாம். மஞ்சள் பின் ஒயரில் எடுத்தால் எண்ணை அலையாக்கி மறுபடி எண்ணாக்குகிற வீண்வேலை. கேமராவின் ஃபயர்வயர் துளை வழியாக எடுத்தால் டேப்பில் உள்ள எண்கள் அப்படியே கம்ப்யூட்டருக்கு வரும். மணிக்கு 13 ஜி.பி. ஆகும், இழப்பு துளியும் இல்லை. இரண்டாயிரங்களில் இந்த ஊர்க் கல்யாணங்களை எடுத்த பானசோனிக், சோனி கேமராக்களில் பல இந்த வகை. ஃபயர்வயர் உள்ள பழைய கம்ப்யூட்டரை எறிந்துவிடாமல் வைத்திருக்கும் கடைதான் இதற்கு ஏற்றது. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பிய கேசட் என்றால் அது என்.டி.எஸ்.சி. முறையாக இருக்கும், அதை அந்த முறையிலேயே பதியச் சொல்லுங்கள், பி.ஏ.எல். ஆக மாற்ற வேண்டியதில்லை.

"டிஸ்க்கில் போட்டாயிற்று, இனி ஆயுசுக்கும் கவலையில்லை"

கடையில் அச்சடித்து விற்கும் சினிமா டிஸ்க்கில் படம் பள்ளங்களாக வார்க்கப்பட்டிருக்கும். நாம் எழுதிக்கொள்ளும் டி.வி.டி.-ஆர் வேறு. அதில் சாயப்பூச்சு ஒன்றை லேசர் சூட்டால் மாற்றித்தான் படம் பதிகிறது. வெயிலும் வெப்பமும் அந்தச் சாயத்தைக் கெடுக்கும். டிஸ்க்கின் மேல் ஒட்டும் ஸ்டிக்கர் லேபிள் சமநிலையைக் கெடுத்து, பசையாலும் கேடு செய்யும். நடுவளையத்தில் மார்க்கர் பேனாவால் எழுதினால் போதும்.

சாயம் தாங்கினாலும் டிஸ்க்கைப் படிக்கும் கருவி தாங்க வேண்டுமே. இந்தியாவின் மிகப் பெரிய டிஸ்க் தயாரிப்பாளராக இருந்த மோசர் பேர் நிறுவனத்தைக் கலைக்க 2018-இல் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. பதிவு செய்யும் புளூ-ரே டிஸ்க்கின் உற்பத்தியையும் மினி டி.வி. கேசட்டின் உற்பத்தியையும் சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்தியது. பெரும்பாலான புது லேப்டாப்புகளில் டிஸ்க் போடும் இடமே இல்லை. திருமலையில் தாளப்பாக்கம் அன்னமாச்சாரியாரின் கீர்த்தனைகளைப் பொறித்த செப்பேடுகள் சங்கீர்த்தன பண்டாரத்துக்குள் சில நூற்றாண்டுகள் கிடந்த பிறகும் கண்ணால் பார்த்துப் படிக்கக் கிடைத்தன. நம் கேசட்டுக்கும் டிஸ்க்குக்கும் அந்தப் பாக்கியம் இல்லை. கருவி இல்லாமல் அவை பேசாது. எனவே பெரிய ஃபைலை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள்; ஒன்று உங்கள் வீட்டில், மற்றொன்று வேறு ஊரில் தங்கை வீட்டிலோ மகன் வீட்டிலோ. ஆண்டுக்கு ஒருமுறை செருகித் திறந்து பாருங்கள். ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை புது ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டோம் என்பது காப்புக் கணக்கில் வராது. வீடியோவாக அனுப்பினால் அது படத்தை நசுக்கித்தான் அனுப்பும்.

"மாற்றியாயிற்று, கேசட்டைத் தூக்கிப் போடலாம்"

வேண்டாம். ஹெட் படிக்கும் மூலச் சமிக்ஞையையே டெக்கின் உள்ளிருந்து நேரடியாகப் பதிந்து, டெக் செய்யும் மீதி வேலையை மென்பொருளில் செய்யும் வி.எச்.எஸ்.-டீகோட் என்ற முறையை ஆர்வலர்கள் வளர்த்துவருகிறார்கள். இன்று எடுத்ததைவிட நல்ல பதிவு நாளை கிடைக்கலாம், கேசட் இருந்தால். மேலே வேறு எதுவும் பதிவாகாமல் இருக்கப் பின்பக்கத்துச் சிறு பிளாஸ்டிக் தாவலை உடைத்துவிட்டு, முழுதும் ஒருபக்கமாகச் சுற்றி, உறைக்குள் போட்டு, புத்தகம்போல் நிமிர்த்தி உட்சுவர் ஓரமாக வையுங்கள்.

ஃபைலுக்குப் பெயர் வைக்கும் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். கடையிலிருந்து வரும் 'வி.டி.எஸ்._01_1' என்ற பெயரில் யாருடைய கல்யாணம் என்று தெரியாது. '1991, பலமநேர், சின்ன மாமா கல்யாணம், பெண் வீட்டுக் காப்பி, இரண்டாம் கேசட்' என்று எழுதுங்கள். பிறகு வீட்டில் மூத்தவர்களை உட்காரவைத்து, படத்தை ஓட்டி, முகம் முகமாக யார் யார் என்று கேட்டு, எத்தனையாவது நிமிடத்தில் யார் வருகிறார்கள் என்று ஒரு தாளிலும் ஒரு ஃபைலிலும் குறித்துவையுங்கள். அவர்கள் சொல்லும்போது போனில் பதிந்துகொண்டால் அந்தச் சத்தத்தையும் அதே ஹார்ட் டிஸ்க்கில் சேர்த்துவிடுங்கள். தெலுங்கில் சொன்னால் தெலுங்கிலேயே இருக்கட்டும்.